விளக்கு வைத்த பிறகு உறை கிடையாது

மளிகைக் கடையில் ராத்திரி மூட்டைக்குள் படுத்த துவரம்பருப்பு காலையிலும் துவரம்பருப்பாகவே எழுந்திருக்கும். பால் வியாபாரத்தில் இருக்கிற நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. நாம் கொஞ்சம் கண் அசந்தால் போதும், நம் சரக்கு வேறு ஏதோ ஒன்றாக மாறி உட்கார்ந்திருக்கும். அது நாம் நினைத்தபடி மாறினால் அதற்குப் பெயர் தயிர். நினைக்காதபடி மாறினால் அதற்குப் பெயர் நஷ்டம்.

காரைக்கால் தலத்தெருவில் எங்கள் கடை. வரிச்சிக்குடிப் பக்கத்திலிருந்து பால் வரும். எங்க வீட்டுக்காரர் போய் வாங்கி வருவார், காலையில் வீடு வீடாகவும் போடுவார். மிச்சத்தைத் தயிர், வெண்ணெய், நெய், பன்னீர், பால்கோவா என்று பிரிப்பது நானும் செல்வியும். செல்வி எனக்கு ஒத்தாசையாக வந்து சேர்ந்தவள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். அதனால் எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைகிற வியாதி எனக்கு உண்டு. உங்களில் எத்தனை பேருக்கு இந்த வியாதி இருக்கிறதோ தெரியாது. இருந்தால் நீங்களும் என்னை மாதிரித் தூங்காத ஆள்தான்.

ரவை கலந்த நெய்

வெண்ணெய் உருக்கும்போது நான் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவேன். முதலில் சடசடவென்று ஒரே கூச்சல். உள்ளே இருக்கிற தண்ணீர் போகிற சத்தம் அது. அந்தச் சத்தம் அடங்கி, மேலே நுரை கட்டி, அடியில் தங்குகிற கசண்டு பொன்னிறமாகிற நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கிவிட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் கசண்டு கருகி, நெய்யிலும் கருகல் வாசம் ஏறிவிடும். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

எனக்குத் தெரியாமல் இருந்தது அதற்கு அப்புறம் நடப்பது. ஒரு தடவை நெய்யை இறக்கி, கரண்ட் போய்விட்டதால், மூடி ஒரு மூலையில் அப்படியே விட்டுவிட்டேன். மெதுவாக ஆறியது. திறந்து பார்த்தால் மணல் மணலாக அத்தனை அழகு. அடுத்த தடவை அவசரமாக ஃபேனுக்கு அடியில் வைத்து ஆற்றினேன். அதே வெண்ணெய், அதே அடுப்பு, ஆனால் நெய் களிம்பு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. நிதானமாக ஆறினால்தான் மணல் கட்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு தடவையும் வாங்கிப் போனவர் பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற வாத்தியார். மூன்றாவது தடவை வந்தவர் பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கடையில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: "மொத தடவை வாங்குன நெய்யில ரவை கலந்திருந்தீங்க. ரெண்டாவது தடவை கலக்கல. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், ரவை கலந்ததே கொடுங்க, அதுதான் நல்லாயிருக்கு."

இன்னும் கொஞ்சம் கெடட்டும்

நம் ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. அதில் ஒரு வீட்டு மாப்பிள்ளை ஜோசப் அண்ணன். குடியிருப்பது பிரான்ஸ், வருஷத்துக்கு ஒரு முறை மாமியார் வீடு. வந்தால் காலையில் எங்கள் கடையில்தான் நிற்பார். வாங்குவது அரை லிட்டர் பால், பார்ப்பது எல்லாவற்றையும்.

ஒரு நாள் நான் பன்னீருக்குப் பாலைத் திரித்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழம் நான் பிழிவதில்லை. முதல் நாள் பன்னீரில் வடித்த தண்ணீரைப் புளிக்க வைத்து, கொதிக்கிற பாலில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். பன்னீர் பூ மாதிரி வரும். பாலும் தண்ணீரும் சண்டை போட்டுப் பிரிகிற அந்தக் கணத்தை ஜோசப் அண்ணன் அடுப்பு அனல் முகத்தில் அடிக்க அடிக்கக் குனிந்து பார்த்தார். பிரான்ஸில் சீஸுக்காகப் பாலைத் திரித்து, உப்புத் தடவி, நிலவறையில் மாசக்கணக்காகப் போட்டு வைப்பார்களாம். மேலே பூஞ்சை பூக்குமாம், அதையும் சேர்த்துச் சாப்பிடுவார்களாம். செல்வி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எங்க கடையில அப்படி நாத்தம் வந்தா அன்னைக்கே கொட்டிக் கழுவிடுவோங்க" என்றாள். ஜோசப் அண்ணன் பெருமூச்சு விட்டார். "அதாம்மா வித்தியாசம். இங்க பால் கெட்டா கொட்டுறீங்க. அங்க, இன்னும் கொஞ்சம் கெடட்டும்னு காத்துக்கிட்டிருப்போம்."

எத்தனை சதவீதம்

எதிர் வரிசையில் ஒரு புதுப்பெண் குடிவந்தாள். பெயர் நிவேதா. கணவன் மனைவி இரண்டு பேருமே வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். சொந்தமாகத் தயிர் போட வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. என்னிடம் உறை வாங்கிப் போனாள். உறை கேட்டால் நான் காசு வாங்குவதில்லை, ஒரு கரண்டி சும்மாவே கொடுத்துவிடுவேன். மறுநாள் வந்து, தயிர் ஆகவில்லை, தண்ணீராகப் பிரிந்து கிடக்கிறது என்றாள். மறுபடி கொடுத்தேன். மறுபடியும் பிரிந்தது. பால் சூடா என்றால், வெதுவெதுப்புதான். பாத்திரமா என்றால், சுத்தம்தான். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடையைச் செல்வியிடம் விட்டுவிட்டு அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷத்தில் காரணம் தெரிந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து போய், மூடியைத் திறந்து, ஸ்பூனை விட்டு ஒரு கலக்குக் கலக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனாள். உறைகிற தயிரைத் தொந்தரவு செய்யக் கூடாது கண்ணு, அசைக்காமல் விட்டால்தான் கட்டும் என்றேன். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "எவ்வளவு ஆச்சுன்னு தெரியாம எப்படிக்கா சும்மா இருக்கறது? எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்குன்னு அது எங்கயாவது காட்டணும்ல?"

கொஞ்சமாகக் கொடுங்க

ஜெமீலா அக்காவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படுவார். எங்கள் தெருவின் கடைசி வீடு. கணவர் வளைகுடாவில் இருக்கிறார், மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார், வீட்டில் தனி ஆள். ஊரிலிருந்து யாராவது அந்தப் பக்கம் விமானம் ஏறினால் அக்கா எங்கள் கடைக்கு வந்து பால்கோவா சொல்லிவிட்டுப் போவார். அடுப்பருகில் நின்று, பால் வற்றி வற்றி ஓரத்தில் ஒட்டுவதையும் நான் அதைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளுவதையும் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கும். சர்க்கரையை ஏன் கடைசியில் போடுகிறாய், முன்னாடியே போட்டால் என்ன ஆகும் என்று கேட்பார். நிறம் மாறி அடிப்பிடித்துவிடும் என்றால், "அப்படியா" என்று தலையை ஆட்டிக்கொள்வார்.

ஒரு தடவை வழக்கமான அளவுக்கு டப்பாவை நிரப்பிவிட்டேன். அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நாளைக்கு வரும், அங்கே அண்ணன் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகச் சாப்பிடலாம் என்றேன். அக்கா டப்பாவை என் பக்கமே திருப்பித் தள்ளினார். "பாதிய எடுத்துடுங்க மாலதி. இது தீர்ந்தாதான் அவங்க லீவு கேப்பாங்க."

நோன்பு நேரத்து உறை

எல்லாவற்றையும் ஏன் என்று கேட்பவள் நான் என்று சொன்னேன். ஒன்றை மட்டும் கேட்டதில்லை. சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் எங்கள் வீட்டில் பால், தயிர், உறை, உப்பு எதையும் யாருக்கும் சும்மா கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வீட்டு லட்சுமி அதோடு கூடவே போய்விடுவாள். கடை வைத்த பிறகு இதை நானே கொஞ்சம் திருத்திக்கொண்டேன். காசுக்கு விற்பது வியாபாரம், அதில் தோஷமில்லை. சும்மா கொடுக்கிற உறைக்கு மட்டும் விளக்கு வைக்கிற நேரம்தான் எல்லை. வேதியியல் படித்தவள் இப்படியா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. படித்தேன், பரீட்சையில் இது வரவில்லை.

ஒரு நோன்பு மாசம். பாங்கு சொல்லி, நோன்பு திறந்து, தொழுதுவிட்டு ஜெமீலா அக்கா ஒரு டம்ளரோடு வந்தார். வீட்டில் உறை தீர்ந்துவிட்டதாம். இப்போது ஊற்றினால் விடியற்காலைச் சஹர் சாப்பாட்டுக்குத் தயிராகிவிடும், ஒரு கரண்டி வேண்டும் என்றார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "விளக்கு வச்சாச்சேக்கா. உறை இப்ப தரக்கூடாது. வேணும்னா அரை லிட்டர் தயிரா வாங்கிக்கிட்டுப் போங்க, அதுல உறை ஊத்திக்குங்க" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தயிர்க் குண்டானைப் பார்த்தார்.

"ரெண்டும் இந்தக் குண்டான்லேருந்துதானே எடுப்பீங்க?"

"ஆமாக்கா."

அக்கா காசை எடுத்து மேஜைமேல் வைத்தார். தயிரை ஊற்றிக் கொடுத்தேன். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டார்: "காசுக்குக் கொடுத்தா உங்க லெச்சுமி போகமாட்டா, சும்மா கொடுத்தாதான் போவாளா? அவளும் கல்லாவுலதான் உக்காந்திருக்காளா மாலதி?"

பாலாகவே நின்ற பால்

போன புரட்டாசியில் நடந்தது இது. புரட்டாசி சனிக்கிழமை என்றால் பெருமாளுக்குத் தளிகை போடுகிற வீடெல்லாம் தயிர்சாதம், தயிர் வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. முந்தின வாரமே எல்லாரும் சொல்லி வைத்துவிட்டார்கள். அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் குண்டான் மூடியைத் திறந்தேன். பால் இருந்தது. திரியவில்லை, புளிக்கவில்லை, நாறவில்லை. ராத்திரி ஊற்றிய பால் ஊற்றியபடியே நின்றுகொண்டு என்னைப் பார்த்தது.

செல்வி கண் பட்டுவிட்டது என்றாள். எங்க வீட்டுக்காரர் ராத்திரி மழை பெய்தது, குளிர்ச்சிதான் காரணம் என்றார். நான் உறை பழசாகிச் சத்து குறைந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். நம் தொழிலில் உறை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேற்றைய தயிர்தான் இன்றைய உறை, இன்றைய தயிர்தான் நாளைய உறை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அறுபடாமல் வந்த சங்கிலி எங்களுடையது. அதிகம் புளிக்காது, கரண்டியை நட்டால் நிற்கும். இந்தத் தயிருக்காகத்தான் பாக்கெட் தயிர் மலிவாகக் கிடைத்தும் ஜனங்கள் தூக்கோடு எங்கள் வாசலில் நிற்கிறார்கள். ஃப்ரிட்ஜில் புதன்கிழமைத் தயிர் ஒரு சொம்பு மிச்சம் இருந்தது. உறை தாராளமாக விழட்டும் என்று வியாழக்கிழமை ராத்திரி அதைச் சொட்டு விடாமல் வழித்து அதே பாலிலேயே ஊற்றினேன். கோணிச்சாக்கைச் சுற்றி, மேலே போர்வை போட்டு மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போர்வையை எடுத்து, சாக்கைப் பிரித்து, மூடியைத் திறந்தேன். பால். மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை. கையில் தயிர் இல்லை, தயிராக்க உறையும் இல்லை. இருந்ததையெல்லாம் இந்தப் பாலில்தான் கொட்டித் தொலைத்திருந்தேன். காரணம் தெரியாத பாலை விற்கக் கூடாது என்று குண்டானோடு தூக்கித் தென்னைமரத்தடியில் ஊற்றினோம். ஊற்றி முடித்துவிட்டுச் செல்வி கேட்டாள்: "ஏங்க்கா, தயிர் ஆகாத பால் கேள்விப்பட்டிருக்கோம். கெட்டும் போகாத பால் உண்டாக்கா?"

டாக்டர் சொல்லாதது

அந்தக் கேள்விதான் என் மண்டையைத் திறந்தது. இரண்டு ராத்திரி வெதுவெதுப்பில் கிடந்த பால் கெட்டுக்கூடப் போகவில்லை என்றால், உள்ளே எதுவுமே வளரவில்லை என்று அர்த்தம். எது வளர விடவில்லை? தயிருக்கு நான் தனியாக எருமைப் பால் வாங்குகிறேன். வரிச்சிக்குடி கலியமூர்த்தி அண்ணன் வீட்டுப் பால் அது. டீக்கடைக்கும் வீடுகளுக்கும் போகிற பசும்பாலில் ஒரு குறையும் வரவில்லை. அண்ணன் தண்ணீர் கலக்கிற ஆள் இல்லை. கடை தொடங்கியதிலிருந்து அவர் பால்தான். சொல்லியனுப்பினேன், கேனை எடுத்துக்கொண்டு வண்டியில் அவரே வந்து இறங்கினார். அவரை உட்கார வைத்து, "மாடெல்லாம் சௌக்கியமாண்ணே?" என்றேன்.

"சௌக்கியத்துக்கு என்னம்மா. பெரிய எருமைக்குத்தான் மடி வீங்கிக் கல்லு மாதிரி ஆயிடுச்சு. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டு, காம்புலயும் மருந்து ஏத்துனாரு. இப்ப தேவலாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. மடி நோய்க்குப் போடுகிற மருந்து கிருமியைக் கொல்லும். பாலைத் தயிராக்குவதும் கிருமிதான். நோய் தருகிற கிருமி எது, தயிர் தருகிற கிருமி எது என்று மருந்துக்கு எப்படித் தெரியும்? பாலில் இறங்கி வந்து, என் உறையையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. காய்ச்சினாலும் போகாது அது. "மருந்து ஏத்துன பாலைச் சில நாளைக்கு யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலியாண்ணே?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

சொன்னார் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். கறந்து கீழே கொட்டிவிடச் சொன்னாராம். ஆனால் கறந்த பாலை மண்ணில் கொட்டினால் மாடு வற்றிப் போய்விடும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. கொட்ட மனசு வரவில்லை. அதற்காக டாக்டர் பேச்சை மீறவும் மனசில்லை. வீட்டில் யாரும் அந்தப் பாலைத் தொடவில்லை, பேரப்பிள்ளைக்குப் பாக்கெட் பால் வாங்கிக் கொடுத்தாராம். பிறகு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மனுஷன் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. என் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

"மனுசங்க குடிக்கக் கூடாதுன்னுதாம்மா டாக்டர் சொன்னாரு. எம் பாலை நீங்க குடிக்கவா வாங்குறீங்க? தயிரைப் பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலியே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் காரணத்தை ஊற்றினால் பால் உறையாது. கலியமூர்த்தி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு எழுந்து போய், தன் பங்காளி வீட்டு எருமைப் பாலைக் கொண்டுவந்து இறக்கினார். அதில் கொஞ்சம் எடுத்து, கடையில் வாங்கிய பாக்கெட் தயிரை உறையாக விட்டுப் பார்த்தேன். பொழுது சாய்கிற நேரம் திறந்தேன். தயிர் ஆகியிருந்தது. கரண்டியை விட்டுத் தூக்கினால் கொழகொழவென்று நூல் விட்டது. வாயில் வைத்தால் புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. இதை நாளைக்குத் தளிகைக்கு வாங்கிப் போகிறவர்கள் என்னை ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள், அவ்வளவுதான். என் தயிர் போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கிற புத்தி வரவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் செல்வி, "நம்ம உறைய வாங்கிட்டுப் போயி வீட்ல தயிர் போடறவங்க இருப்பாங்களேக்கா" என்றாள். ஆமாம், என் தயிர் என்னிடம்தான் இல்லை. யார் வீட்டிலோ இருக்கிறது. போட்டது போட்டபடி டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பக்கத்துத் தெரு வாத்தியார் வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் கால் தயங்கியது. வாத்தியார் மனைவி வெளியே வந்து, கேட்டுவிட்டு, என்னைவிடச் சங்கடப்பட்டார். "வெள்ளிக்கிழமை வேற. விளக்கும் வச்சாச்சு. உங்களுக்குத் தெரியாததா மாலதி? காலைல குண்டானோட வந்து எடுத்துக்குங்களேன்." காலையில் எடுத்து நான் என்ன செய்வது? ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? நிவேதா வீட்டுக்கு ஓடினேன். அவள், "நான் தயிர் போடறதை விட்டுட்டேனேக்கா, பாக்கெட்தான். அதுல தேதியாவது போட்டிருக்கு" என்றாள்.

ஜெமீலா அக்கா வீட்டு வாசலில் நான் போய் நின்றபோது அவர் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். டம்ளரைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் பாதி புரிந்திருக்க வேண்டும். மீதியை நான் மூச்சு வாங்கச் சொன்னேன். நோன்பு மாசத்தில் அரை லிட்டராகக் காசு கொடுத்து வாங்கிப் போன அந்தத் தயிர்தான் இன்றைக்கு வரைக்கும் அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதாம், ஒரு நாள்கூட விடவில்லையாம். உள்ளே போய்ச் சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். ஓரத்தில் கரண்டி வெட்டிய இடம் அப்படியே நின்றது. என் தயிர். எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும் எனக்கு.

டம்ளரை நீட்டினேன். அக்கா சட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"விளக்கு வச்சாச்சா?"

"வச்சாச்சுக்கா."

"அப்ப சும்மா கொடுத்தா எங்க வீட்டு லெச்சுமி போயிடுவாளே. காசு வைங்க. ஒரு ரூபா போதும்."

இடுப்பைத் தடவினேன். பர்ஸ் கடை மேஜைமேல் கிடந்தது. அவசரத்தில் செருப்புகூட இல்லாமல் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் பார்த்தேன். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா உள்ளே போய் அலமாரியைத் திறந்து, ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். உடனே தன் கையை நீட்டினார். நான் அந்த ரூபாயை எடுத்து அவர் கையில் திருப்பி வைத்தேன். விளக்கு வைத்த பிறகு காசும் கைமாற்றாகக் கொடுக்கக் கூடாது என்று எனக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. அக்கா சட்டியைச் சாய்த்து டம்ளர் தளும்பத் தளும்ப ஊற்றினார்.

"இப்ப இது வியாபாரம். உங்க லெச்சுமியும் பத்திரம், எங்க பரக்கத்தும் பத்திரம். போய் உறை ஊத்துங்க, பால் ஆறிடப் போவுது."

சனிக்கிழமை

காலையில் மூடியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. செல்வியைத் திறக்கச் சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மூடி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் ஒரு கரண்டியைக் குண்டான் நடுவில் நட்டுவிட்டுக் கைகட்டி நின்றாள். கரண்டி நின்றது. முதல் தூக்கு ஜெமீலா அக்கா வீட்டுக்குப் போனது, நல்ல பகலில். வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. வாத்தியார் மனைவி கண்ணைத் தாழ்த்திக்கொண்டே வந்து வாங்கிப் போனார். கலியமூர்த்தி அண்ணன், பெரிய எருமையின் பாலை வீட்டு வாழைக்கொல்லையில் ஊற்றியதாகவும் கொட்டிய கணக்கில் வராமலிருக்க வாழைக்குப் படைத்ததாக வைத்துக்கொண்டதாகவும் சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் குறைந்ததும் செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். "எல்லாம் சரிக்கா. இனிமே விளக்கு வச்சப்புறம் யாராச்சும் டம்ளரைத் தூக்கிட்டு வந்தா நாம என்ன சொல்றது?"

இப்போது எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய ஒற்றை ரூபாய் நாணயங்கள் இருக்கின்றன, விளக்கு வைத்த பிறகு வருகிறவர்கள் அதில் ஒன்றை எடுத்து என்னிடமே கொடுத்து உறை வாங்கிக்கொள்ளலாம், ஏனென்றால் எங்கள் கடையில் விளக்கு வைத்த பிறகு உறை சும்மா கிடையாது.